கோப்பில் இல்லாத விமானம் பறக்காது

நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் ஓர் இலகு விமானத்தை ஹேங்கருக்குள் முடக்க எஞ்சின் பழுதாக வேண்டியதில்லை. விமானத்தின் எடையும் ஈர்ப்பு மையமும் எவ்வளவு என்று சொல்லும் எடை-சமநிலை அறிக்கை பதிவுக் கோப்பில் காணாமல் போனாலே போதும். 2012 கடைசியில் ஆஸ்திரேலியாவில் இதுதான் நடந்தது. பொழுதுபோக்கு விமானங்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு அங்கே ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஆஸ்திரேலியா என்ற உறுப்பினர் அமைப்பிடம் இருக்கிறது. ராஆஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன் கோப்புகளை அரசின் விமானப் பாதுகாப்பு ஆணையமான காசா தணிக்கை செய்தபோது, பல கோப்புகளில் இருக்க வேண்டிய தாள்கள் இல்லை. கோப்பு முழுமையாகும்வரை பதிவைப் புதுப்பிக்க முடியாது என்றானது. ஏராளமான விமானங்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தரையில் நின்றன. சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் பணம் கட்டிப் பதிவைப் புதுப்பித்து வந்தவர்கள்தான். அத்தனை ஆண்டும் அவர்களது கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதே பிரச்சினை. 2013 பிப்ரவரியில் சிறப்புப் பொதுக்கூட்டம் கூடி, உறுப்பினர்கள் நிர்வாகத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள்.

பறப்பவர்களே நடத்தும் அமைப்பு எதுவானாலும் அதற்கு இரண்டு வேலை. உறுப்பினர் பார்வையில் அது அவருடைய சங்கம்: சந்தா கட்டுகிறார், வாக்களிக்கிறார், தன் பக்கம் அது நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அரசின் பார்வையில் அது தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை வாங்கி நடத்தும் கட்டுப்பாட்டு அலுவலகம்: சான்றிதழ் கொடுக்கிறது, பறிக்கிறது, பள்ளிகளை ஆய்வு செய்கிறது. முதல் வேலையில் தவறினால் உறுப்பினர் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்த்துக்கொள்வார். இரண்டாவதில் தவறினால் எல்லோருடைய விமானமும் ஒரே நாளில் நிற்கும். ஆனால் தேர்தல் பிரசாரம் முழுக்க முதல் வேலையைப் பற்றித்தான் நடக்கும். கோப்புகளைச் சரிபார்க்க இரண்டு ஊழியர் கூடுதலாக வைப்பேன், அதற்காகப் பதிவுக் கட்டணம் ஏறும் என்று சொல்லி வாக்குக் கேட்பவர் அபூர்வம். அப்படி ஒருவர் கேட்டால் அவருக்கே என் வாக்கு.

இந்த ஏற்பாடு எதற்கு, அரசே நேரடியாகப் பார்த்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1976-ல் ஆஸ்திரேலிய அரசு 95.10 என்ற ஆணையின் மூலம் அல்ட்ராலைட் எனப்படும் மிக இலகுவான ஒற்றை இருக்கை விமானங்களை முறையான பதிவும் உரிமமும் இல்லாமல் பறக்க அனுமதித்தது. விதித்த நிபந்தனைகளில் ஒன்று, 300 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது. மற்ற விமானங்களின் பாதையில் குறுக்கிடாமல் இருக்க அது நல்ல விதி. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கோ ஆபத்தான விதி. எஞ்சின் நின்றபின் நிமிடத்துக்கு 600 அடி வீதம் இறங்கும் விமானத்துக்கு 300 அடியில் கிடைப்பது 30 விநாடி. அதற்குள் காற்றின் திசை பார்த்து, வயல் தேர்ந்தெடுத்து, திரும்பி இறங்க வேண்டும். அந்த வகை விமானத்தை ஓட்டாத ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதும் விதி இப்படித்தான் அமையும். 1983-ல் உருவான ஆஸ்திரேலிய அல்ட்ராலைட் கூட்டமைப்பு பயிற்சியையும் இரட்டை இருக்கையையும் நியாயமான உயரத்தையும் படிப்படியாகக் கொண்டுவந்தது. அதுதான் 2004-ல் ராஆஸ் என்று பெயர் மாறியது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1982-ல் வந்த 103-ஆம் பகுதி விதி, ஒற்றை இருக்கை, 254 பவுண்டுக்குக் குறைவான வெற்று எடை, 5 கேலன் எரிபொருள், 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) உச்ச வேகம், இறக்கை தாங்குசக்தியை இழக்கும் ஸ்டால் வேகம் 24 நாட் அல்லது அதற்குக் கீழ் என்று எல்லை போட்டது. அதற்குள் அடங்கும் வாகனத்துக்குப் பதிவும் வேண்டாம், விமானிக்குச் சான்றிதழும் வேண்டாம். கட்டுப்பாட்டு அமைப்பே தேவைப்படாத அளவுக்கு எல்லையைச் சுருக்கிவிட்டார்கள். பிரிட்டனில் 1946-ல் தொடங்கிய அல்ட்ராலைட் சங்கம் பின்னாளில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் ஆகி, உறுப்பினர்களிடையே இருக்கும் அனுபவசாலிகளை ஆய்வாளர்களாக அங்கீகரித்து, அவர்கள் கையெழுத்தின் பேரில் பறக்கும் அனுமதியைப் புதுப்பிக்கிறது. மூன்றில் உறுப்பினர்மீது அதிகச் சுமை ஏற்றுவது ஆஸ்திரேலிய முறை. கிடைக்கும் சுதந்திரமும் அதில் கணிசமானது. அதனால்தான் அதையே இங்கே விரித்துப் பேசுகிறேன்.

முதலில் கோப்பு. பதிவு விண்ணப்பம், உரிமைச் சான்று, தயாரிப்பாளரின் இணக்க அறிக்கை அல்லது சொந்தமாகக் கட்டியதற்கான அறிக்கை, எஞ்சின் மற்றும் புரொப்பல்லரின் மாதிரியும் வரிசை எண்ணும், நிழற்படங்கள், கடைசி மாற்றத்துக்குப் பிந்தைய தேதியிட்ட எடை-சமநிலை அறிக்கை. இவற்றில் அடிக்கடி இடிப்பது கடைசியாகச் சொன்னதுதான். விமானம் வாங்கியபோது எடுத்த அறிக்கை கோப்பில் இருக்கும். பிறகு டயரை மாற்றியிருப்பார்கள், ரேடியோ சேர்த்திருப்பார்கள், மூன்று தகடு புரொப்பல்லர் போட்டிருப்பார்கள். காகிதத்தில் இருக்கும் விமானமும் ஓடுபாதையில் நிற்கும் விமானமும் வேறு வேறாகியிருக்கும்.

எடை எடுப்பது கடினமான வேலை இல்லை. கவனமில்லாமல் செய்தால் மட்டுமே கெடும். காற்று அடிக்காத மூடிய இடம் வேண்டும். எரிபொருளைப் பயன்படுத்த முடியாத மிச்சம்வரை வடித்துவிட வேண்டும். எண்ணெய் முழு அளவில் இருக்க வேண்டும். கையேடு சொல்லும் இடத்தில் மட்டப்பலகை வைத்து, மூக்குச் சக்கரத்தின் காற்றைக் குறைத்தோ கட்டை வைத்தோ விமானத்தைச் சமமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் மூக்கு உயர்ந்தபடியே எடை எடுத்தால் ஈர்ப்பு மையம் பின்னால் தள்ளிக் காட்டும். மூன்று தராசும் ஒரே நேரத்தில் சக்கரங்களுக்கு அடியில் இருக்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டுத் தராசு பொய் சொல்லும்.

ஒரு கணக்கு: இடது சக்கரத்தில் 118 கிலோ, வலதில் 120, மூக்கில் 62. மொத்தம் 300. இறக்கையின் முன்விளிம்பை அளவுக்கோடாக எடுத்தால் பிரதானச் சக்கரங்கள் 0.75 மீட்டர் பின்னால், மூக்குச் சக்கரம் 0.70 மீட்டர் முன்னால். 238-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 178.5. 62-ஐ 0.70-ஆல் பெருக்கினால் 43.4, அதைக் கழிக்க 135.1. அதை 300-ஆல் வகுத்தால் வெற்று விமானத்தின் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 0.45 மீட்டர். கோப்பில் போக வேண்டியது இந்த எண் மட்டுமல்ல. தராசின் அளவுத்திருத்தத் தேதி, தூரங்களை அளந்தவர் பெயர், அன்று விமானத்தில் பொருத்தியிருந்த சாதனங்களின் பட்டியல் எல்லாம் போக வேண்டும். பட்டியல் இல்லாத எடை அறிக்கைக்கு அடுத்த மாற்றம்வரைதான் மதிப்பு.

அதே விமானத்தில் தலைக்கு 90 கிலோ என இருவர் ஏறுகிறார்கள்: 180. எண்பது லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 57.6. பையில் 10. மொத்தம் 547.6 கிலோ. இலகு விளையாட்டு விமான வகைக்கு 600 கிலோ வரம்பு என்பதால் தாராளமாக இடம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பழைய 544 கிலோ வரம்புக் காலத்தில் சான்று பெற்ற மாதிரிக்கு வரம்பு இன்றும் 544தான். வகையின் உச்சவரம்பு உயர்ந்ததால் தனி விமானத்தின் வரம்பு தானாக உயராது. தயாரிப்பாளர் எழுத்தில் உயர்த்தித் தர வேண்டும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே மீறியிருப்பது 3.6 கிலோ, அதாவது ஐந்து லிட்டர் பெட்ரோல். ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டாளர் முதலில் தேடுவது இந்த 3.6 கிலோவைத்தான்.

தொழிற்சாலையில் கட்டி இலகு விளையாட்டு விமானமாகப் பதிவானவற்றில் இன்னொரு சிக்கல். அங்கே வடிவமைப்புக்கு முழுப் பொறுப்பும் தயாரிப்பாளருடையது. புரொப்பல்லர் மாற்றவோ, கருவிப் பலகையில் புதுத் திரை வைக்கவோ அவருடைய எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். திறமையான மெக்கானிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. தயாரிப்பாளர் கடையை மூடிவிட்டால் ஒப்புதல் தர ஆளில்லை. பரிசோதனை வகைக்கு மாற்றிக்கொள்வதே பெரும்பாலும் மிஞ்சும் வழி. அப்படி மாறினால் பயிற்சிப் பள்ளி அதை வாடகைக்கு விட முடியாது. விமானம் வாங்கும்போது விலையைப் பார்ப்பவர்கள் தயாரிப்பாளர் இன்னும் பத்தாண்டு தாக்குப்பிடிப்பாரா என்றும் பார்த்தால் நல்லது.

கோப்புக்கு அடுத்தபடி அமைப்பின் உயிர் இருப்பது தகவலில். ஆஸ்திரேலியாவில் ஜபிரு எஞ்சின் விவகாரம் இதற்கு மறக்கக்கூடாத பாடம். ஜபிரு, குவீன்ஸ்லாந்தின் பண்டபெர்க்கில் எஞ்சினும் விமானமும் சேர்த்துக் கட்டும் நிறுவனம். பயிற்சிப் பள்ளிகளில் பெருமளவு ஓடுவது அதன் விமானங்கள். எஞ்சின் நின்ற சம்பவங்கள் குவிந்ததால் 2014 டிசம்பரில் காசா கட்டுப்பாடு விதித்தது: பகலில் மட்டுமே பறக்கலாம், மக்கள் நெருக்கமான பகுதிகளின்மேல் எஞ்சின் நின்றாலும் விலகி இறங்க முடிகிற பாதையில்தான் போகலாம், பயணியும் தனியே பறக்கும் மாணவரும் அபாயம் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். பள்ளிகளுக்கு அது பெரிய அடி. பின்னர் வெளியான ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வு, 2009 முதல் 2014 வரை 800 கிலோவுக்கு உட்பட்ட ஒற்றை எஞ்சின் விமானங்களில் 322 எஞ்சின் செயலிழப்புகளும் கோளாறுகளும் பதிவானதாகவும், அவற்றில் 130 ஜபிரு எஞ்சினுடையவை என்றும் சொன்னது. பத்தாயிரம் பறப்பு மணிக்கு 3.21. சிலிண்டரைப் பிணைக்கும் நீளமான போல்ட்டுகள் முறிவது அதில் முக்கியமான காரணம். 2016-ல் கட்டுப்பாடு தளர்ந்தது.

இந்த விகிதத்தில் 130 என்பது தொகுதி, அதாவது பின்னத்தின் மேல் எண். அது பறப்பவர்கள் எழுதி அனுப்பிய சம்பவ அறிக்கைகளிலிருந்து வருகிறது. பறந்த மணிகள் என்ற வகுக்கும் எண் எங்கிருந்து வருகிறது? உறுப்பினர் அமைப்பில் பதிவான விமானங்களைப் பொறுத்தவரை, சொந்தக்காரர்கள் தரும் மணிக்கணக்கைத்தான் நம்ப வேண்டும். பதிவுப் புதுப்பிப்புப் படிவத்தில் ‘இந்த ஆண்டு பறந்த மணி’ என்ற கட்டம், ‘தரையிறக்கங்கள்’ என்ற கட்டம். அவசரத்தில் போன ஆண்டு எண்ணையே திரும்ப எழுதுகிறவர்கள் உண்டு. எல்லோரும் சேர்ந்து உண்மை மணியில் 80 விழுக்காட்டை மட்டும் எழுதினால், 2.57 ஆக இருக்க வேண்டிய விகிதம் 3.21 என்று தெரியும். மேலே சொன்ன ஆய்வில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் எழுதும் எண்ணுக்கு எவ்வளவு எடை என்று காட்டவே சொல்கிறேன். எஞ்சின் கட்டுப்பாடு நியாயமா என்று கூட்டத்தில் உரத்து வாதிடுகிறவர், தன் படிவத்தில் மணிமானியைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

அறிக்கை தருபவரைத் தண்டித்தால் அறிக்கை வராது. அறிக்கை தந்த எல்லோரையும் மன்னித்தால் பொறுப்பற்றவருக்கு அது கவசமாகும். நடைமுறையில் தாங்கும் ஏற்பாடு இது: சம்பவத் தகவலை வாங்கும் மேசையும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் மேசையும் வேறு வேறாக இருக்க வேண்டும். கைதவறியதற்குக் கூடுதல் பயிற்சி. தெரிந்தே மீறியதற்கும் குடித்துவிட்டுப் பறந்ததற்கும் நடவடிக்கை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதை அமலாக்கக் கொள்கையில் முன்கூட்டியே எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். 2019-ல் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்த 149-ஆம் பகுதி விதி, தன்னாட்சி விமான அமைப்பாக அங்கீகாரம் வேண்டுவோர் இதையெல்லாம் ஒரே விளக்க ஆவணத்தில் எழுதிக் காட்டச் சொல்கிறது: பொறுப்பு மேலாளர் யார், பாதுகாப்பு மேலாண்மை எப்படி நடக்கும், உறுப்பினரை எப்படி ஆய்வு செய்வீர்கள், உங்கள் முடிவை எதிர்ப்பவர் யாரிடம் மறுஆய்வு கேட்பது. அந்த ஆவணத்தை முழுக்கப் படித்த உறுப்பினர்கள் சொற்பம். சான்றிதழ் இடைநிறுத்தக் கடிதம் கையில் வந்தபின் படிப்பதைவிட முன்பே படிப்பது நல்லது. கடிதம் வந்துவிட்டால் செய்ய வேண்டியது மூன்று: எந்த விதியின் எந்த உட்பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள், எந்த ஆதாரத்தின் பேரில் என்று கேளுங்கள், மறுஆய்வுக்கான கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சமாதானம் பேசிக் கெடு தாண்டிவிடுவதுதான் வழக்கமான இழப்பு.

இனி வாக்கும் கூட்டமும். தொடக்கக்கால அமைப்புகள் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ், மாநிலவாரிப் பிரதிநிதிகள் நிறைந்த பெரிய குழுவோடு இயங்கின. மாநிலப் பிரதிநிதிக்குத் தன் ஊர் ஓடுதளமே உலகம். ராஆஸ் பிறகு, பங்குகள் இல்லாமல் உறுப்பினர்கள் குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் பொறுப்பேற்கும் உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாக மாறி, இயக்குநர் எண்ணிக்கையைக் குறைத்தது. மாற்றம் தேவையானதுதான். அதோடு உறுப்பினரின் கருவிகளும் மாறின என்பதைப் பலர் கவனிக்கவில்லை. இப்போது 2001-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் பொருந்தும்.

அதன்படி, இயக்குநர்களைச் சிறப்புக் கூட்டம் கூட்ட வைக்க 5 விழுக்காடு வாக்குரிமை உள்ளவர்கள் கையெழுத்திட வேண்டும். பத்தாயிரம் பேர் உள்ள அமைப்பில் 500 கையெழுத்து. கோரிக்கை வந்த 21 நாளுக்குள் கூட்டத்துக்கு அழைப்பு விட வேண்டும், இரண்டு மாதத்துக்குள் கூட்டம் நடக்க வேண்டும். 500 கையெழுத்து நடைமுறையில் எட்டாத உயரம். ஆனால் ஏற்கெனவே நடக்கப்போகும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வைக்க 100 உறுப்பினர் போதும். அறிவிப்பு தந்து இரண்டு மாதம் கடந்தபின் வரும் கூட்டத்தில்தான் அது எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஆண்டுப் பொதுக்கூட்டத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். தீர்மானத்தோடு ஆயிரம் சொல்லுக்கு மிகாத விளக்கத்தையும் எல்லா உறுப்பினருக்கும் அனுப்பச் சொல்லலாம். கூட்ட அழைப்பு கைக்கு வந்தபின் தீர்மானம் எழுத உட்கார்பவர் ஓராண்டு தாமதமாகிவிட்டார்.

அமைப்பு விதிகளைத் திருத்தப் பதிவான வாக்கில் 75 விழுக்காடு வேண்டும். இயக்குநரை நீக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனால் இரண்டு மாத முன்னறிவிப்பும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கட்டாயம். சக இயக்குநர்கள் கூடி ஒருவரை வெளியேற்ற முடியாது. அது உறுப்பினருக்கு மட்டுமே உரிய அதிகாரம். ஒரு முடிவில் சொந்த ஆதாயம் உள்ள இயக்குநர் வாக்களிக்கக் கூடாது, அந்த விவாதம் நடக்கும் அறையில் இருக்கவும் கூடாது, மற்றவர்கள் முறையாகத் தீர்மானித்து அனுமதித்தாலொழிய. பயிற்சிப் பள்ளி நடத்துபவர் இயக்குநராக இருப்பது இத்துறையில் சகஜம், அனுபவத்துக்காக அவர் தேவையும்கூட. பள்ளி ஆய்வுக் கட்டணம் பற்றிப் பேசும்போது அவர் எழுந்து போனாரா என்பதுதான் கேள்வி. இயக்குநர் குழுவின் குறிப்பேட்டைப் பார்க்க உறுப்பினருக்குத் தானாக உரிமை இல்லை, பொதுக்கூட்டக் குறிப்பேட்டுக்கு உண்டு. எனவே பொதுக்கூட்டத்திலேயே இக்கேள்வியைக் கேட்டுப் பதிலைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டியது லாப நட்டம் அல்ல. ஊழியர் எத்தனை பேர் விலகினார்கள், தொழில்நுட்ப மேலாளர் பதவி எவ்வளவு காலம் காலியாக இருந்தது, கையிருப்பு எத்தனை மாதச் செலவைத் தாங்கும், காப்பீட்டுத் தொகை எவ்வளவு ஏறியது. காப்பீடு இத்தகைய அமைப்புகளின் கழுத்தில் கிடக்கும் கயிறு. அமெரிக்காவின் ஹேங்கிளைடிங், பாராகிளைடிங் சங்கத்துக்கு வெளிச்சந்தையில் காப்பீடு கிடைக்காமல் போய், 2016-ல் தங்களுக்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்க வேண்டி வந்தது. மலை உச்சியில் குதிக்கும் இடத்தைத் தரும் நில உரிமையாளர் காப்பீட்டுச் சான்று கேட்பார். அது இல்லையென்றால் இடமே இல்லை.

மிகக் கடினமான வேலை மரணம் நிகழ்ந்த அன்று தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்கு விமான விபத்துகளைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு பெரும்பாலும் தானே விசாரிப்பதில்லை. காவல்துறையும் மரண விசாரணை அதிகாரியும் விசாரிக்க, ராஆஸ் ஆட்கள் தொழில்நுட்ப உதவிக்குப் போவது நீண்டகால வழக்கமாக இருந்தது. அவர்களே சான்றிதழ் தந்த விமானி, அவர்களே அங்கீகரித்த பள்ளி, அவர்களே பதிவுசெய்த விமானம். இந்த முரணை முழுதாக நீக்க வழியில்லை, வெளிப்படையாக வைக்கத்தான் முடியும். உதவிக்குப் போகிறவர் அந்தப் பள்ளியை ஆய்வு செய்தவராக இருக்கக் கூடாது. கருத்தும் கண்டதும் அறிக்கையில் தனித்தனிப் பக்கத்தில் இருக்க வேண்டும். அமைப்பின் சொந்தத் தவறு கண்ணில் பட்டால் அதை முதலில் எழுத வேண்டும்.

சிதைந்த விமானத்தருகே பின்பற்ற வேண்டிய விதிகள் எளியவை: தீ அபாயம் இல்லையென்றால் எதையும் நகர்த்தாதீர்கள், எரிபொருள் குழாய்த் திருகு எந்த நிலையில் இருக்கிறது என்று படமெடுங்கள். வெடித்துத் திறக்காத பாலிஸ்டிக் பாரசூட் (விமானத்தையே தாங்க ராக்கெட்டால் விரியும் அவசரப் பாரசூட்) இருக்கிறதா என்று மீட்புப் படையிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதன் ராக்கெட் ஆளைக் கொல்லும். பறப்புப் பதிவேட்டையும் பராமரிப்புப் பதிவேட்டையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. மறுநாள் காலை காவல்துறை அதிகாரி அமைப்பின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்பது விமானியின் சான்றிதழ் விவரம், கடைசியாக நடந்த இரண்டாண்டுத் திறன் மதிப்பீட்டின் தேதி, விமானத்தின் பதிவுக் கோப்பு. எடை-சமநிலை அறிக்கையோடு.